ஒன்றாம் டிரைவில் இருந்த பெயர்கள்

மணி,

நீ விமானம் ஏறி ஒன்பது நாளாகிறது. வந்து சேர்ந்தேன் என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்குக் கீழே நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. பதில் கேட்க எனக்கு வாயும் இல்லை.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் எங்கோ ஒரு இடத்தில் நான் நல்லவனாகிவிடுகிறேன். ஒரு வரியில் என் வயது வந்து நிற்கிறது. இன்னொரு வரியில் உன் அம்மா செத்துப்போனது வந்து நிற்கிறது. நாலு பேர் படிப்பார்கள் என்றால் அப்படியெல்லாம் எழுதக் கை கூசும். தவிர, உன்மேல் நான் போட்ட பழியைக் கச்சிராயபாளையத்தில் டீக்கடை முதல் நூலகம் வரை சொல்லியிருக்கிறேன். பழி போட்ட இடத்திலேயே இதையும் சொல்வதுதான் முறை. அதனால் நம்மூர் வாசகர்கள் நடத்தும் இந்தச் சின்னப் பத்திரிகையில் இதைக் கொடுக்கிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடையனின் பெயர் இருந்த பிளாப்பியை அழித்தது உன் புரோகிராம் இல்லை. நான்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிப்பவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு நான் கீழே மாற்றலாகி வந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. விசைப்பலகையும் மூளையும் ஒரே பெட்டி. பக்கத்தில் பழைய டிவி மாதிரி ஒரு திரை. இரண்டு பிளாப்பி டிரைவ். பிளாப்பி என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சதுரம், வளைத்தால் வளையும். கணக்கு வாத்தியார் என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் ஒன்றும் தெரியாது. தட்டிப் பழக எதையாவது தட்ட வேண்டும். மலைப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டு வாங்கி வந்து, பெயர், அப்பா பெயர், சாதி, பிறந்த தேதி, சேர்க்கை எண் என்று வரிசையாக அடித்தேன். வெறும் விரல் பயிற்சி. அந்தப் பிள்ளைகள்மேல் அக்கறை என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். விரல் பயிற்சிதான்.

அந்த இரண்டு டிரைவுக்கும் எண் உண்டு. பூஜ்யம், ஒன்று. என்னிடம் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கரும்பலகையில் எழுதிப் போட்ட விதி ஒன்று இருந்தது. பூஜ்யத்தில் பழையது, ஒன்றில் புதியது. புது பிளாப்பியை ஒன்றில் போட்டு, முதலில் ஃபார்மட் செய், அதாவது அழித்துத் துடை, பிறகுதான் எழுது. இருபது வருடம் இதைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது விரலுக்குள் போய்விட்டது.

பள்ளி அந்த மிஷினைக் கழித்துக்கட்டி ஏலம் விட்டபோது எடுத்து வந்தேன். நீ அப்போது மூன்றாவதோ நான்காவதோ. உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

“மோட்டாருக்கு ஒயரு வாங்கினு வாங்கன்னு அனுப்புனா, இன்னாங்க இது, பொட்டியத் தூக்கினு வந்துட்டீங்க?”

“கம்ப்யூட்டரு.”

“தண்ணி எறைக்குமா?”

அன்றைக்கு அவளும் நீயும் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். அதே வாரம்தான் பதிவேட்டு பிளாப்பியை அவளிடம் காட்டினேன். அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டை மூடி ஒட்டிவிட்டால் மிஷின் அந்த பிளாப்பியைப் படிக்கும், ஆனால் அழிக்காது. ஒட்டுவதற்கான வெள்ளித்தாள் தீர்ந்துபோயிருந்தது. அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள். அரக்கு நிறம். “இது தாங்குமா பாருங்க” என்றாள். தாங்கியது.

இந்த ஆனி மாதம் சடையன் வந்தான். கூடவே மகள் கவிதா. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். பஸ்ஸில் இறங்கிய ஈரத்தோடு வாசலில் நின்றார்கள்.

“சார், நான் சடையன். அஞ்சாவது வரிக்கும் உங்ககிட்டதான் படிச்சேன். வாய்ப்பாடு வரலன்னு முட்டி போட வச்சீங்க.”

“எந்த வாய்ப்பாடு?”

“ஏழு, சார். இன்னும் வராது.”

“எட்டும் வராது சார்” என்றாள் கவிதா. “கடையில நான்தான் கணக்கு பாக்கணும்.”

நர்ஸிங் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைக்கும் மதிப்பெண். சாதிச் சான்றிதழ் இல்லை. அப்பா படித்ததற்கு ஒரு பதிவு கொண்டு வா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் பதிவேடு இல்லை. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பிறகு கரையான் வைத்து, எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்தக் காலத்தில் வருடா வருடம் ஒரு நகல் கீழே அனுப்புவார்கள். அது எங்கோ ஒரு அறையில் கட்டுக் கட்டாக இருக்கிறது. சேர்க்கை எண்ணும் வருடமும் சொன்னால் தேடலாம், சும்மா தேடச் சொன்னால் எந்தக் கட்டைப் பிரிப்பது என்று குமாஸ்தா கேட்டிருக்கிறார். அந்த எண் சடையனுக்கு எப்படித் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் எண் சொல்கிறார்கள்.

நீ உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தாய். “அப்பா, அந்த ரிஜிஸ்தரத்தான நீங்க டைப் பண்ணி வச்சிருக்கீங்க?”

எனக்கு மறந்தேபோயிருந்தது. உனக்கு நினைவிருந்தது. அப்போது உனக்கு வேலை இல்லாமல் எட்டு மாதம். சென்னையில் அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது திரும்பி வந்து, மாடியிலேயே கிடந்தாய். அன்றைக்குத்தான் உன் முகத்தில் களை பார்த்தேன்.

இரண்டு டிரைவில் ஒன்று எப்போதோ செத்திருந்தது. இன்னொன்று சாகிற நிலை. உள்ளே சுற்றும் ரப்பர் பெல்ட் தொய்ந்து, சூடானால் நின்றுவிடும். நீ ஒரு வழி சொன்னாய். உன் லேப்டாப்பை ஒரு கம்பியால் மிஷினின் முதுகில் மாட்டி, லேப்டாப்பையே ஒரு பிளாப்பி டிரைவ் மாதிரி நடிக்க வைப்பது. பழைய பிளாப்பியில் இருப்பதை மிஷினே படித்து, அந்தப் பொய் டிரைவில் எழுதிக்கொள்ளும். பிறகு லேப்டாப்பில் அது ஒரு ஃபைலாக இருக்கும். சாகாது.

“அதுல எங்கடா பிளாப்பி போடுவ?”

“பிளாப்பியே இல்லப்பா. மிஷினு, அஞ்சாவது வட்டத்துல மூணாவது துண்டக் குடுன்னு கேக்கும். லேப்டாப்பு எடுத்துக் குடுக்கும். குடுக்கறது யாருன்னு அதுக்கு இன்னா கவல?”

“அப்ப அத ஏமாத்தற.”

“ஏமாத்தல. வேலைய வாங்கறேன்.”

பதினோரு நாள். புரோகிராம் எழுதுவாய், மிஷின் பாதியில் நிற்கும், அணைப்பாய், மறுபடி. ஒரு மத்தியானம் திரையில் உன் பெயரை அடித்து, அதை லேப்டாப்பில் எழுதவைத்து, மிஷினை அணைத்துப் போட்டு, மறுபடி அழைத்தாய். வந்தது. நீ நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் டீ டம்ளர் உருண்டது. உடனே கவிதாவுக்குப் போன் போட்டாய். “ஞாயித்துக்கெழம உங்கப்பா நம்பரு கையில இருக்கும்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள சர்டிபிகேட்டு வாங்கிறலாம். நான் பொறுப்பு.” அந்த வெள்ளிதான் அவளுக்குக் கடைசி நாள்.

நான் பொறுப்பு என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அதற்கு நான் வேறு காரணம் வைத்திருந்தேன், அவசரப்படுகிறாய் என்று. இப்போது சொல்கிறேன். மிஷின் என்னுடையது. ஜில்லாவில் அதைத் தொடத் தெரிந்த நாலு பேரில் நான் ஒருவனாக இருந்தேன். இந்தப் பதினோரு நாளும் உனக்கு டீ கொண்டுவந்து வைப்பதுதான் என் வேலை. பெற்ற பிள்ளைமேல் பொறாமை வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வந்தால் அதற்குப் பெயர் தெரியாமல் தடவிக்கொண்டிருப்போம். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, உன்னைவிட நன்றாக ஒன்றைச் செய்யும்போது, அந்த அறையிலிருந்து எழுந்து வெளியே போய்விடு. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நீ கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டாய். டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை ஒன்றில் அந்த அளவு பெல்ட் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வண்டியில் ஏறியபடியே சொன்னாய்.

“நான் வர்ற வரிக்கும் எதையும் தொடாதீங்கப்பா. மிஷினு கண்ண முழிச்சதும் பூஜ்யத்தத்தான் தேடும், அதனால லேப்டாப்பு இப்ப பூஜ்யம். பழைய டிரைவுதான் ஒண்ணு. மாத்திட்டேன். தெரிதா?”

“தெரிது, போடா.”

முந்தின நாளும் ஒரு தடவை சொல்லியிருந்தாய். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

நீ திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்பா, எப்படிப்பா என்று நீ கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பிளாப்பியை டிரைவிலிருந்து வெளியே எடுத்தேன். வெறுமனே பார்க்கத்தான். ஓரத்தில் பொட்டு இருந்தது.

உன் அம்மா இறந்த மாதத்தில் கண்ணாடியில் ஒட்டியிருந்த அவள் பொட்டுகளையெல்லாம் நான்தான் கத்தியால் சுரண்டினேன். காலையில் சவரம் செய்யும்போது பார்க்க முடியவில்லை. பிறகு மூன்று வருடம் வீட்டில் ஒன்றாவது மிச்சமிருக்காதா என்று தேடியிருக்கிறேன், பீரோ கதவில், குளியலறைச் சுவரில். இல்லை. இது இருந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பினேன். வந்துவிட்டது. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டி மூடினேன். அது எதற்காக அங்கே ஒட்டப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை வகுப்பெடுத்தவன் நான். அந்த நேரத்தில் அது பூட்டு என்று தோன்றவே இல்லை. அவளுடையது என்று மட்டும் தோன்றியது.

பிளாப்பியைத் திரும்ப உள்ளே போட்டேன். லேப்டாப் புதியது, புதியதை முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், புதியது ஒன்று. விரல் அடித்தது. மிஷின் வழக்கம்போல் கேட்டது, டிரைவ் ஒன்றை அழிக்கவா என்று. ஆம் என்பதற்கு ஒய் என்ற எழுத்தை அழுத்தினேன்.

சத்தம் வந்தது. டிரைவின் தலை ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு நகரும் சத்தம், கடக், கடக். லேப்டாப்புக்கு அப்படிச் சத்தம் வராது. நான்காவது கடக்கில் புரிந்தது. மொத்தம் நாற்பது வட்டம். ஒரு கையால் டிரைவின் மூடியைத் திறந்திருந்தால் நின்றிருக்கும். முதல் சில வட்டங்கள் போயிருந்தாலும் மீதியிலிருந்து உன்னால் பெயர்களை எடுத்திருக்க முடியும், எனக்குத் தெரியும். கை மடியிலேயே இருந்தது. பயமா, இல்லை, ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தினால் நான் தப்புச் செய்தது உறுதியாகிவிடும் என்றா. நாற்பதும் முடிந்தது. சுத்தமாக முடிந்துவிட்டதாக ஒரு வரி திரையில் வந்தது.

நீ மூன்று பெல்ட்டோடு வந்தாய். ஒன்று சேராவிட்டால் இன்னொன்று என்று. மாட்டினாய். டிரைவ் நன்றாகச் சுற்றியது. படிக்கச் சொன்னாய்.

“அப்பா. இதுல ஒண்ணுமே இல்லப்பா.”

நான் மிச்சமிருந்த இரண்டு பெல்ட்டையும் எடுத்துக் கவரில் போட்டேன்.

“எதனா தொட்டீங்களா?”

“நான் எதுக்குடா தொடறேன்? உன் புரோகிராமு இன்னா பண்ணுச்சோ.”

நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. சந்தேகம் இருந்தால் பார்த்திருப்பாய். லேப்டாப் பக்கம் திரும்பிவிட்டாய். அந்த மிஷின் பழையது, யார் என்ன தட்டினார்கள் என்று எதையும் குறித்து வைப்பதில்லை. என் வார்த்தை மட்டும்தான் சாட்சி. இரண்டு நாள் உன் புரோகிராமை வரி வரியாகப் படித்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. திங்கட்கிழமை காலை மாடியிலிருந்து கூப்பிட்டாய்.

“இதாம்பா. இந்த வரிதான். இங்கதான் தப்பு பண்ணியிருக்கேன்.”

ஏதோ ஒரு சின்னப் பிழை. எந்தப் புரோகிராமிலும் தேடினால் ஒன்று கிடைக்கும். நான் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து அந்த வரியைப் படித்து, “ஆமான்டா” என்றேன்.

மணி, முதல் பொய்யைப் பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கவிதாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நாம் ஏறியிருக்கலாம், அந்த அறையில் உட்கார்ந்து கட்டு கட்டாகப் பிரித்திருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அதைத்தான் செய்திருப்பாய். உன்னை நொறுக்கிவிட்டதால் உனக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொன்னால் ஏன் இவ்வளவு துடிக்கிறேன் என்று கேட்பாயோ என்று சொல்லவில்லை.

நீ தனியாக மலைக்குப் போனாய். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாய். திரும்பி வந்து கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினாய். எழுதிய எல்லாவற்றையும் லேப்டாப்பிலிருந்து நீக்கினாய். பதினோரு நாள் வேலை, ஒரு விசை. வாரம் ஒன்றுகூட ஆகவில்லை, ஏஜென்ட் ஒருவர் சொன்னார் என்று வளைகுடாவில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சரி சொல்லிவிட்டாய். மூட்டை எண்ணும் வேலை. இன்ஜினியரிங் படித்தவன் எதற்கடா என்றேன். “எனக்கு இது வராதுப்பா. மூட்டைன்னா எண்ணலாம்” என்றாய்.

டீக்கடையில் கேட்டார்கள். பையன் ஏதோ புரோகிராம் போட்டு மலைக்காரப் பொண்ணோட பிளாப்பியைக் காலி பண்ணிவிட்டான் என்று நானே சொன்னேன். “இன்ஜினீருக்குப் படிச்சு இன்னாத்தக் கிழிச்சான்?” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பினால் நீ வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாய். உள்ளே வராமல் வண்டியை மறுபடி எடுத்தாய்.

போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் நீ சொன்ன கடைசி வார்த்தை, “மிஷின எடைக்குப் போட்ருங்கப்பா.” போடவில்லை. போடாமல் இருப்பதற்கும் தகுதி இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை மலைக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து, என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளிமலையில் இறங்கி ஒரு மணி நேரம் நடை. சடையன் வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிகளை விதைக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே கவிதா ஒரு பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் திருப்பூர் போகிறாள், பனியன் கம்பெனிக்கு. ஊரிலிருந்து இன்னும் நாலு பெண்கள் கூட.

எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவ், எண், பொட்டு, உன்மேல் போட்டது. ஒன்றையும் விடவில்லை. சடையன் அரிவாளை நிறுத்தவில்லை.

“வுடுங்க சார். அந்த நம்பரு கெடச்சிருந்தா வேற எதனா ஒண்ணு கேட்டிருப்பானுங்க. எங்கப்பனுக்கும் இதே கததான்.”

மன்னிப்பு மாதிரி இருந்தது. இல்லை. இந்த வருடம் மழை ஜாஸ்தி என்று சொல்வதுபோல் சொன்னான். நான் செய்தது அவனுக்குப் புதிதாகக்கூட இல்லை. அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் வரிசையில் நானும் ஒரு ஆள், கடைசியில் நிற்கிறவன், அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஊருக்கு வந்து தூங்கியிருப்பேன்.

கவிதா விடுங்க என்று சொல்லவில்லை. பையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“அந்தண்ணன் இங்கதான் சார் உக்காந்துச்சு. நீங்க உக்காந்துனு இருக்கற எடத்துல. சோறு போட்டோம், துன்னல. என்னாலதான் உன் படிப்பு போச்சு, என்னாலதான் போச்சுன்னு அதையே சொல்லினு இருந்துச்சு. எனக்குக் கோவம். நானும் ஒரு வார்த்த கேட்டுட்டேன்.”

“இன்னாம்மா கேட்ட?”

“தெரியாத வேலைக்கு இன்னாத்துக்கு வந்தீங்கன்னு.”

சடையன் அரிவாளை நிறுத்தியது அப்போதுதான். அவள் அழவில்லை. அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் வந்த அவ்வளவு நேரமும் அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் தயார் செய்யவில்லை.

“அந்தண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?”

“சொல்லிட்டேம்மா.”

தயங்கவே இல்லை, மணி. மலையேறி வந்து, உண்மை முழுவதையும் கொட்டிவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னேன்.

“அது இன்னா சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லல.”

முதல் பதிலை இந்தக் கடிதம் உண்மையாக்கிவிடும். இரண்டாவது, எனக்குத் தெரியும், தானாகவே உண்மையாகிவிடும்.

அப்பா